பேச்சாளரைக் குறையுங்கள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் சிறிய மென்பொருள் கம்பனி நடத்துகிறேன். யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக்காரரும் வியாபாரிகளும் சந்திக்க ஒரு மாதாந்தக் கூட்டம் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு பேச்சாளர். முதலில் மண்டபம் நிறைந்தது. இப்போது வருவோரில் பெரும்பாலானோர் மாணவர்கள்; பேச்சு முடிந்ததும் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்படியான குழுக்கள் மற்ற இடங்களில் எப்படி நிலைத்தன?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சைக் கேட்க யூரியூப் போதும். ஆட்கள் கூட்டத்துக்கு வருவது பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்காக. அவர் யாரென்று தெரியாமலே வீட்டுக்குப் போனால் அடுத்த மாதம் ஏன் வரப்போகிறார்கள்?

கணினி ஆர்வலர்கள் கூடிய ஹோம்ப்ரூ கொம்பியூட்டர் கிளப் 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கராஜில் தொடங்கியது. பிறகு ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்குக்குப் போனது. அங்கே கூட்டத்தை நடத்திய லீ ஃபெல்சென்ஸ்டைன் அதை இரண்டாகப் பிரித்தார். முதற்பகுதியில் எழுந்து நிற்பவர் தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்வார். இரண்டாம் பகுதியில் எல்லோரும் எழுந்து, தமக்கு வேண்டியவரைத் தேடிப் போய்க் கதைப்பார்கள். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியைக் காட்டியது இந்தக் கூட்டத்தில்தான். 1986 வரை குழு நீடித்தது.

லண்டனில் 1998 இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் டியூஸ்டே என்ற தொழில்முனைவோர் சந்திப்பு வேறு மாதிரி. பெயர் அட்டையில் நிறப் புள்ளி ஒட்டினார்கள்: தொழில் தொடங்குவோருக்குப் பச்சை, முதலீட்டாளருக்குச் சிவப்பு, சேவை விற்போருக்கு மஞ்சள். அறையில் யார் அதிகம் என்று வாசலில் நின்றே எண்ணிவிடலாம். மஞ்சள் கூடிவிட்டால் வாங்க ஆளில்லாத சந்தைதான். 2000 இல் குழுவையே யாசம் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். டொட்கொம் எனப்பட்ட இணையக் கம்பனிகளின் பங்குச் சந்தை அப்போதே சரியத் தொடங்கியிருந்தது.

நம்மூரில் யாழ் ஐ.ரி. ஹப் 2012 இல் யாழ் கீக் சலன்ஞ் என்ற தொழில்நுட்பப் போட்டியைத் தொடங்கியது. பெடியளுக்கு அது பெரிய வாசல். ஆனால் போட்டிக்கு ஒரு இறுதிநாள் உண்டு. மாதச் சந்திப்புக்கு அது கிடையாது. இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்க வேண்டாம்.

உங்கள் அறையில் இல்லாதவர் வாங்குபவர். இங்குள்ள பல கம்பனிகளுக்கு வாடிக்கையாளர் கடல்கடந்து இருக்கிறார். அதனால் பக்கத்து நகைக்கடை, தனியார் வைத்தியசாலை, பனம்பொருள் விற்பவர் யாரும் கண்ணில் படுவதில்லை. நாற்பது பேர் வருவதானால் பத்துப் பேராவது கணினிக்கு வெளியே தொழில் செய்பவர்களாக இருக்கட்டும். அவர்களுக்கு வட்ஸ்அப் அழைப்பு போதாது. கடைக்கு நேரே போய்க் கூப்பிட வேண்டும். மாணவர்களை மறிக்க வேண்டாம், பத்துக்கு மேல் போகாமல் முன்பதிவு வையுங்கள்.

தொடங்கியதும் ஆளுக்கு முப்பது விநாடி: பெயர், தொழில், தேவை, தரக்கூடியது. நாற்பது பேருக்கு இருபது நிமிடம். கையில் மணி ஒன்று இருக்கட்டும். மணி அடிக்கக் கூச்சப்படும் ஒருவரை நடத்தப் போட்டால் அது ஒரு மணித்தியாலம் இழுக்கும். உடனே தேத்தண்ணி. கடைசியில் கொடுத்தால் கோப்பையோடு வாசலுக்குப் போவார்கள். நடுவில் கொடுத்தால் கோப்பையோடு கதைப்பார்கள். கதிரைகளில் பாதியைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். பேச்சாளர் வேண்டுமென்றால் பதினைந்து நிமிடம், அதுவும் கடைசியில்.

நாள்: மாதத்தின் முதல் சனி, பின்னேரம் மூன்றரை முதல் ஐந்தரை வரை. அதற்குமேல் இழுத்தால் பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை நினைத்து நெளிவார்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கூட்டமே வேண்டாம். பூரணை விடுமுறை சனியில் விழுந்தால் அடுத்த வாரம். இதை ஜனவரியிலேயே அறிவித்துவிடுங்கள். வெள்ளியில்தான் வைப்பீர்கள் என்றால் சிற்றுண்டி மரக்கறியாகவே இருக்கட்டும்.

அனுசரணையாளர் ஒருவரையே நம்பினால் மேடை அவருடையதாகிவிடும். மண்டபக் காசையும் தேத்தண்ணிக் காசையும் வருகிறவர்களிடம் பிரித்து வாங்குங்கள். குழுவைச் சட்டப்படி பதிவு செய்ய அவசரம் வேண்டாம். தேவை வரும்போது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குகள் இல்லாத கம்பனியாகப் பதியலாம். அதுவரை இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கும், வரவுசெலவு எழுதிய ஒரு கொப்பியும் போதும். அந்தக் கொப்பியைக் கேட்கிற எவருக்கும் காட்டுங்கள்.