எலிக்கு நஞ்சு வைப்பது பாவமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, காலபோக நெல்லை அறுத்து மூட்டைகளை விறாந்தையில் அடுக்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. இவர் கடையில் நஞ்சு வாங்கி வைத்தார். எலி குறைந்தது. ஆனால் தள்ளாடித் திரிந்த ஓர் எலியை எங்கள் பூனை பிடித்துத் தின்றது. சில நாளில் முரசால் இரத்தம் வடிந்து செத்துப்போனது. மாமி சுத்த சைவம். "இந்த வீட்டிலை ஒரு உயிரையும் கொல்லக்கூடாது" என்று சாப்பிடாமல் இருக்கிறார். இவரோ, "அப்ப நெல்லை எலிக்குக் குடுத்திட்டு நாங்கள் பட்டினி கிடக்கிறதோ?" என்கிறார். போன கிழமை வளவுக்குள் வந்த சாரைப் பாம்பை என் பன்னிரண்டு வயது மகன் அயல் பெடியளோடு சேர்ந்து அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டு வந்து பெருமையாகச் சொன்னான். இதற்கிடையில் அக்கராயனில் வயல் செய்யும் என் தம்பி, பன்றிக்கு வீட்டு லைனிலிருந்து கம்பி இழுக்கப் போகிறானாம். எது சரி, எது பிழை என்றே எனக்கு விளங்கவில்லை.
வாசகி, வடமராட்சி

பதில்: அன்புத் தங்கச்சி,

நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுக்கிறேன். அவசரம் அதற்குத்தான். இதை வாசித்த கையோடு தம்பிக்குப் போன் எடுங்கள். வீட்டு மின்சாரத்தை வயல் கம்பிக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதோடு, அந்தக் கம்பிக்குப் பன்றி எது, மனிதன் எது என்று தெரியாது. விடியப்புறம் தண்ணீர் கட்டப் போனவர், மாடு தேடிப் போனவர், சில வேளை கம்பி இழுத்தவரே என்று இப்படிச் செத்தவர்களின் செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. கம்பியோ கயிறோ தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும், பன்றி வெடியும் இதே வகைதான். தீனுக்குள் வைத்த வெடியைக் கடித்த மிருகம் உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து இறப்பது இந்த நாட்டில் புதினமில்லை.

கதிர் முற்றிய வயலைப் பன்றிக்கூட்டம் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனால் கமக்காரனின் வயிறு எப்படி எரியும் என்று எனக்கு விளங்குகிறது. பயிரை அழிக்கும் குரங்கும் மயிலும் எத்தனை என்று பார்க்க 2025 மார்ச் 15 ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பே நடந்தது. அந்த அளவுக்குப் பிரச்சினை முற்றிவிட்டது. தம்பி வேலி போடட்டும். முறைப்படி போடும் சோலர் மின்வேலி, மின்சாரத்தைக் கணநேரத் துடிப்பாக விட்டுவிட்டு அனுப்பும். தொட்டால் சுண்டித் துரத்தும், கொல்லாது. அதற்கும் அடங்காத பன்றியை அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கால், கண்ணால் பார்த்து, ஒரே வெடியில் விழுத்துபவரை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பியை இழுத்துவிட்டு வீட்டில் படுத்திருப்பவரைத்தான் குறை சொல்வேன்.

எலி விஷயத்திலும் எனக்கு இதே எண்ணம்தான். கொல்ல வேண்டிய இடம் இருக்கிறது. ஆனால் எதைக் கொல்கிறோம், எப்படிக் கொல்கிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு. நஞ்சை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அது நம்மை விட்டுப் போகாது.

பூனையின் முரசால் இரத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இவர் வைத்தது இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை. புரோமடியோலோன் போன்றவை இதைத்தான் செய்கின்றன. அதைத் தின்ற எலி அன்றைக்கே சாகாது. மூன்று நாள், ஐந்து நாள், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். அத்தனை நாளும் உடம்புக்குள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இரவில் மட்டும் திரிகிற பிராணி பட்டப்பகலில் முற்றத்துக்கு வந்து, சுவரோடு ஒட்டி, மயிர் சிலிர்த்தபடி குந்திக்கொண்டிருக்கும். கிட்டப் போனாலும் ஓடாது. பூனையும் காகமும் கூகையும் இலேசாகப் பிடிப்பது அந்த எலியைத்தான். ஊரில் எலியைப் பிடித்துக் குறைக்கும் கூகையையே இப்படிச் சாகவைத்துவிட்டு, அடுத்த வருடமும் நாம் கடைக்குப் போய் நஞ்சு கேட்கிறோம். இனி ஒரு பூனைக்கோ நாய்க்கோ இப்படி நடந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள், இதற்கு விற்றமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. பிள்ளை வாயில் வைத்துவிட்டால் நஞ்சுப் பைக்கற்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாமியின் மனதை நான் மதிக்கிறேன். கோயில்களில் ஆடு, கோழி வெட்டுவதை ஆறுமுக நாவலர் எதிர்த்து நின்ற மண் இது. உயிர்க்கொலைக்குக் கூசுவது நம்மிடம் நேற்று வந்த பழக்கம் அல்ல. ஆனாலும் அவர் சொல்வதை அப்படியே ஏற்க என்னால் முடியாது. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் உங்கள் வடமராட்சியிலேயே ஆட்கள் இறந்தார்கள். பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று தெரிய வந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போனாலே போதும். எலி ஓடுகிற விறாந்தையில் பிள்ளை வெறுங்காலோடு திரியும்போது ஒன்றையும் கொல்லக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. இதை மாமியிடம் சண்டை பிடிக்காமல், பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். இனி நஞ்சு வைக்க மாட்டோம் என்றும் சொல்லுங்கள். அவர் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன்.

சரி, நஞ்சு இல்லாமல் என்ன செய்வது? முதலில் எலிக்குச் சாப்பாடு கிடைப்பதை நிறுத்த வேண்டும். எலி மூன்று கிழமைச் சினையில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஏழெட்டு. நெல் அங்கேயே கிடந்தால், கொன்ற இடம் உடனே நிரம்பிவிடும். மூட்டைகளை நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தட்டில், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். மூடியுள்ள இரும்புப் பீப்பாய் கிடைத்தால் இன்னும் நல்லது. கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி, குழாய் போகும் துளை எல்லாவற்றையும் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையால் அடையுங்கள். சுண்டெலி நுழைய ஒரு விரல் அளவுத் துளை போதும். சுவரோடு குவித்து வைத்த காவோலையையும் பொச்சுமட்டையையும் அப்புறப்படுத்துங்கள்.

மிச்சத்துக்குப் பொறி. நல்ல இறுக்கமான ஸ்பிரிங் உள்ள, அடிக்கும் பொறி. எலி சுவரோரமாகத்தான் ஓடும். ஆகவே சுவருக்குக் குறுக்காக, தீன் வைக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். தணலில் வாட்டிய தேங்காய்ச் சொட்டு குத்தினால் போதும், மாமிக்கும் கருவாட்டு மணம் போகாது. கழுத்தில் விழுந்தால் கணத்தில் முடிந்துவிடும். விடிந்ததும் முதல் வேலையாகப் பொறியைப் பார்க்க வேண்டும். அரை உயிரோடு கிடந்தால் ஒரே அடியில் முடிக்க வேண்டும். அது இவருடைய வேலை, உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். கூட்டில் பிடித்து வாளித் தண்ணீரில் அமுக்குவது வேண்டாம். பசை அட்டை வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டிய எலி மணிக்கணக்காகக் கத்தி, தன் தோலையே பிய்த்துக்கொண்டு சாகும். பல்லியும் குருவியும்கூட மாட்டும்.

மகன் அடித்த சாரை நஞ்சில்லாத பாம்பு. உங்கள் வளவில் சம்பளம் இல்லாமல் எலி பிடித்துத் தந்த வேலையாள். பிள்ளையை அதற்காக ஏச வேண்டாம், யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாகம், எட்டடி விரியன், முத்திரைப் புடையன், சுருட்டை ஆகிய நான்கையும் படத்தில் காட்டி அடையாளம் பழக்குங்கள். அவற்றில் ஒன்று படுக்கும் அறைக்குள் வந்து, பிடிக்கத் தெரிந்தவரும் இல்லையென்றால், பெரியவர் ஒருவர் அடிப்பதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். வரம்பில் தன்பாட்டில் போகிற பாம்பைத் துரத்திப் போய் அடிக்க ஒரு நியாயமும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டு வந்தான் என்று எழுதினீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். பொறியில் செத்த எலியைப் புதைக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தகப்பன் சிரிக்காமல் அந்த வேலையைச் செய்வதை அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

புதைக்கும்போது கைக்கு உறை போட வேண்டும், கிணற்றுக்குத் தூரத்தில் ஆழமாகத் தோண்ட வேண்டும். மிச்சமிருக்கும் நஞ்சுப் பைக்கற்றை மட்டும் வளவில் புதைத்துவிடாதீர்கள். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே போட்டது வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, எப்படி அகற்றுவது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அடுத்த மழைக்கு வயலில் இறங்க முதல், எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இவர் ஒருக்கால் விசாரிக்கட்டும்.