டெஸ்டோஸ்டிரோன் நார்மல், ஆனாலும் தாடையில் முடி

உங்கள் மனைவிக்குத் தாடையில் முடி வளர்கிறது, ஆனால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் 1.6 நானோமோல்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து ஆண்ட்ரோஜன் (ஆண்தன்மை ஹார்மோன்) கூடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அவர் சமோவாக்காரர் (பசிபிக் தீவு நாடு), 29 வயது, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 37, மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை என்கிறீர்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை (சிரிக்காதீர்கள், பலர் மறப்பது இதைத்தான்). அப்புறம் எஸ்.எச்.பி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதம் அது. எடை ஏறினால் இன்சுலினும் ஏறும். ஈரல் இந்தப் புரதத்தைக் குறைத்துவிடும். மொத்த அளவு நார்மலாகவே தெரியும், கட்டில்லாமல் திரிவது மட்டும் கூடும்.

டெஸ்டோஸ்டிரோனை எஸ்.எச்.பி.ஜி.யால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இரண்டும் நானோமோல் கணக்கில் இருக்கவேண்டும். எஸ்.எச்.பி.ஜி. 16 என்றால் விடை 10. பெண்களுக்கு 5-ஐத் தாண்டினாலே பொதுவாக அதிகம்தான். கருத்தடை மாத்திரை எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

"சமோவாக்காரர்களுக்கு இது சகஜம்" என்று யாரோ சொன்னதை விடுங்கள். அங்கே பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் (சி.ஆர்.இ.பி.ஆர்.எஃப். என்ற மரபணுவில், ஆய்வு 2016-ல் வெளியானது) எடையைக் கூட்டுகிறது, ஆனால் சர்க்கரை நோய் வாய்ப்பைக் குறைக்கிறது. அதனால் எடையைப் பார்த்துச் சர்க்கரையை ஊகிக்காமல் எச்.பி.ஏ.1.சி.யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுங்கள்.

குரல் கட்டையானாலோ முடி மளமளவென்று வளர்ந்தாலோ கணக்கெல்லாம் வேண்டாம், உடனே ஹார்மோன் டாக்டரிடம் போங்கள்.