வாசகர் கேள்வி: பொம்மையாகிவிடும் புலி

கேள்வி: வனவிலங்குகளை அக்ரிலிக்கில் வரைந்து வருகிறேன். மானும் யானையும் ஓரளவு அமைந்துவிடுகின்றன. புலி மட்டும், எவ்வளவு கவனமாக வரி போட்டாலும் பொம்மையாகவே நிற்கிறது. இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களைப் பார்த்தே வரைகிறேன். எங்கே பிசகுகிறது?
– வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் வரிகள் நன்றாகவே உள்ளன, அவற்றைத் தாங்கும் உடம்புதான் சரியாக அமையவில்லை. புலியின் தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டோடு தசையால் மட்டுமே பிணைந்திருப்பதால், அது பதுங்கி நடக்கும்போது தோள் முதுகுக் கோட்டுக்கும் மேலே எழும்பி இறங்கும். உங்கள் படத்தில் முதுகு நேர்கோடாக ஓடுகிறது. முதலில் வரியே இல்லாத புலியைக் கரிக்கோலால் வரைந்து, அது நடப்பதாகத் தோன்றிய பிறகு வரிக்கு வாருங்கள். விலாவில் அடர்ந்து, சில இடங்களில் இரட்டையாகப் பிரியும் வரிகள், முன்னங்காலின் வெளிப்புறத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகும். ஒரே புலிக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடும் என்பதால், ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கமாக்கக் கூடாது. கண்மணியை வீட்டுப் பூனைக்குரிய கீற்றாகப் போட்டிருக்கிறீர்கள். புலிக்கு அது வட்டம். நடக்கும் புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் காலடித் தடத்தில் நகம் பதிவதில்லை. வாய் பிளந்து உறுமும் முகம், வேட்டைக்காரர்கள் பாடம் செய்து மாட்டிய தலைகளிலிருந்து காலண்டர்களுக்கு வந்து, அங்கிருந்து நம் ஓவியர்களின் கைக்கும் தொற்றியது என்றே எண்ணுகிறோம்.

1988-இல் புலிகள் காப்பகமான களக்காடு–முண்டந்துறை உங்கள் வாசலிலேயே இருந்தாலும், அங்கே புலி கண்ணில் படுவது அரிது. உருவத்துக்குத் திருவனந்தபுரம் உயிர்க்காட்சிசாலைக்குச் சென்று நேரில் கோட்டுப்படம் வரையுங்கள். அடைபட்ட விலங்கின் வயிறு தொங்கினால் அதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பின்னணிக்கும் வெளிச்சத்துக்கும் முண்டந்துறையே போதும். மலை மேற்கே நிற்பதால், அங்கே மாலை வெயில் சீக்கிரமே மறைந்து நிழல் கவிந்துவிடும். எல்லோரும் விரும்பித் தீட்டும் பொன்னிற ஒளி, நம் பக்கத்துக் காட்டில் காலை நேரத்துக்கே பொருந்தும்.

புகைப்படங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிறர் எடுத்த படத்தை அப்படியே வரைந்து விற்பதற்கு அவருடைய அனுமதி தேவை; இந்தியச் சட்டப்படி, புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பல படங்களைப் பார்த்து உறுப்புகளைக் கற்றுக்கொண்டு, நிலையை நீங்களே அமைத்து வரைவதற்குத் தடையில்லை.