கியர் ஆயிலில் கடல்நீர்: சீல் மாற்றியும் தீராதது ஏன்?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் 9.9 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு இன்ஜின் உள்ளது. கீழ்ப்பகுதிக் கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்ததால், புரொப்பெல்லர் பக்கத்து ஆயில் சீல்களை (ஆயில் கசியாமலும் நீர் புகாமலும் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றினோம். சில மாதங்களில் ஆயில் மறுபடியும் வெளுத்துவிட்டது. சீல் தரமற்றதா, பொருத்தியதில் தவறா?
– வாசகர், பாம்பன்

பதில்: இரண்டாகவும் இருக்கலாம்; ஆனால் அதற்கு முன், நீர் எந்த வழியாக நுழைகிறது என்பதை உறுதி செய்துகொண்டீர்களா என்று கேட்க விரும்புகிறேன். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல், தண்ணீர்ப் பம்புக்கு அடியில் இருக்கும் டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து கீழே இறங்கும் தண்டு) சீல், கியர் மாற்றும் கம்பியின் சீல், ஷாஃப்ட் ஹவுசிங்கை (ஷாஃப்டைத் தாங்கும் கூட்டை) சுற்றியுள்ள ஓ ரிங் எனும் ரப்பர் வளையம், ஆயில் திருகுகளின் வாஷர் ஆகிய ஐந்து இடங்களில் எதன் வழியாகவும் கடல்நீர் உள்ளே வரலாம். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் புதிதாகப் போட வேண்டிய அந்தச் சிறு வாஷரைப் பலர் மாற்றுவதே இல்லை.

ஆகவே மறுபடி கழற்றுவதற்கு முன் காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். ஆயிலை முழுவதும் வடித்து, கீழ்த்திருகை மூடி, மேல்துளையில் அளவுமானியுடன் கூடிய கைப்பம்பை இணைத்து, உங்கள் மாடலின் கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்குக் காற்றை ஏற்றிக் கியர்பெட்டியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தினால், குமிழி எழும் இடமே பழுதான இடம். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டினால் நல்ல சீலே பிதுங்கிவிடக்கூடும் என்பதால் நிதானமாக ஏற்ற வேண்டும். ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்றியும், கியர் கம்பியை அசைத்தும் பார்க்க வேண்டும். அசையாமல் இருக்கும்போது காற்றைத் தாங்குகிற சீல், சுழலும்போது விட்டுவிடுவது உண்டு.

குமிழி புரொப்பெல்லர் பக்கத்திலேயே வந்தால், சீலைவிட ஷாஃப்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் நரம்பு வலைத்துண்டு சீலின் உதட்டை, அதாவது ஷாஃப்டைப் பற்றி நிற்கும் உள்விளிம்பை, அறுக்கிறது. இடையில் புகும் மணல், அந்த உதடு உரசும் இடத்தில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பள்ளத்தைத் தேய்த்துவிடுகிறது. விரல் நகத்தை ஷாஃப்டின் நீளவாக்கில் இழுத்தால் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், எவ்வளவு உயர்ந்த சீல் போட்டாலும் நிலைக்காது. ஹவுசிங்கில் இடமிருந்தால், உதடு தேயாத பகுதியில் படியும்படி சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தலாம். இல்லையென்றால் தேய்ந்த இடத்தை மூடும் மெல்லிய பழுதுநீக்கு ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும் அல்லது ஷாஃப்டையே மாற்ற வேண்டும். செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்; உப்புநீர் கலந்த ஆயிலில் ஓடும் பேரிங்கும் பல்சக்கரமும் கெட்டால் செலவு பல மடங்காகும், நடுக்கடலில் கெட்டால் உயிருக்கே ஆபத்து.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது சீலின் திசை. பெரும்பாலும் இரண்டு சீல்கள் அடுத்தடுத்து இருக்கும். சில மாடல்களில் இரண்டும் நீர்ப்பக்கம் பார்க்கும், வேறு சிலவற்றில் ஒன்று ஆயிலையும் மற்றொன்று நீரையும் பார்க்கும். ஆகவே பழையதை எடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து, கையேட்டுடன் ஒப்பிடுங்கள். ஹவுசிங்கின் உட்புறத்தில் படிந்த உப்பைக் கீறல் விழாமல் நீக்கி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சற்றே சிறிய சாக்கெட்டை வைத்து, சாயாமல் நேராக இறக்க வேண்டும். உதட்டிலும் இரு சீல்களுக்கு இடையிலும் நீரில் கரையாத கிரீஸைத் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே சூடேறிக் கருகிவிடும். ஓ ரிங்கும் புதியதாகவே இருக்கட்டும்.

கையேட்டில் குறிப்பிட்ட கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் குமிழியின்றி வழிந்த பிறகு மேல்திருகை முதலில் மூடுங்கள். சிறிது நேரம் நீரில் ஓட்டி, ஓர் இரவு நிறுத்திவைத்துக் கீழ்த்திருகை லேசாகத் தளர்த்தினால், நீர் புகுந்திருந்தால் அடியில் தங்கிய நீரே முதலில் வரும். முன்பு கலந்திருந்த ஈரத்தின் மிச்சத்தால் முதல் ஆயில் சற்று மங்கலாகத் தெரியலாம். அதை வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

கேள்வி: கம்பெனி சீலுக்குப் பதில் பேரிங் கடையில் அதே அளவுள்ள சீல் வாங்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பொருந்தினால் மட்டும் போதாது. உதட்டை இறுக்கும் சுருள்கம்பி துருப்பிடிக்காத எஃகால் ஆனதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கம்பி உப்புநீரில் துருப்பிடித்து அறுந்துவிடும். பிறகு உதடு ஷாஃப்டைப் பற்றாது. கடைக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையென்றால் கம்பெனி சீலையே வாங்குங்கள்.