கணக்கில் வராத கரண்டிகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ராகம்: "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை ஏறுகிறது." யாரும் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிடுவதைத்தான் நாம் சாப்பாடு என்கிறோம். நின்றுகொண்டு குடித்தது, உப்பு பார்க்க வாயில் விட்டது, பிள்ளை மீதி வைத்தது என்று எதுவும் அந்தக் கணக்கில் வராது. அங்கேதான் கலோரி ஒளிந்திருக்கிறது. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் தோராயமானவை. உங்கள் வீட்டு டம்ளரும் என் வீட்டு டம்ளரும் ஒரே அளவு இல்லையே.

கேள்வி: காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. இதற்கு மேல் எதைக் குறைப்பது அக்கா? வயது 44, எடை 74 கிலோ. (கும்பகோணம் வாசகி)

பதில்: இட்லி மேல் பழி போடாதீர்கள். மூன்று இட்லி சேர்ந்தாலே 200 கலோரிதான் வரும். தொட்டுக்கொள்ள என்ன என்று நீங்கள் எழுதவில்லை, நான் அதைத்தான் கேட்பேன். பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுவோம் இல்லையா? ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதாவது 5 மில்லி, 40 கலோரிக்கு மேல். ஆனால் யார் டீஸ்பூனால் ஊற்றுகிறார்கள்? பொடி நன்றாகக் குழைய மூன்று டீஸ்பூன் போய்விடும். ஆக, 120-க்கு மேல். கூடவே தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டி.

அடுத்தது காபி. கும்பகோணத்துக்காரரிடம் காபியைக் குறை என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். 100 மில்லி பாலில் கலந்த காபி என்று வைத்துக்கொள்வோம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. அந்தப் பால் 100 மில்லிக்கு 85 கலோரிக்கு மேல் போகும். இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 40. மொத்தம் 125. நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். அதில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையோடு போட்டால் 80. நாளைக்கு இரண்டு காபி என்றாலே 90 கலோரி மிச்சம். டிகாக்‌ஷனைக் கொஞ்சம் திக்காக இறக்கினால் ருசியும் பெரிதாகக் குறையாது.

எதையும் குறைப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், வாயில் போவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதினால் பிரயோஜனம் இல்லை. அடுப்படியிலேயே நோட்டு இருக்க வேண்டும். நானே முதல்முறை எழுதிப் பார்த்தபோது, பள்ளிக்கூட டப்பாவில் திரும்பி வந்த அரைத் தோசைகளும் கால் சப்பாத்திகளும் மட்டுமே ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்கு இருந்தன. வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த நல்ல குணத்தின் எடையை இடுப்பு சுமக்கிறது.

எடையோடு சேர்ந்து அசதி, மலச்சிக்கல், மாதவிடாயில் மாற்றம் என்று ஏதாவது இருந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் எண்ணெய்ப் பாட்டிலையே குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆறு டீ ஆகிவிடுகிறது. சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன். அப்படியானால் பரவாயில்லைதானே? (திருப்பூர் வாசகர்)

பதில்: கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்கு 400 என்றால் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் 380 பக்கம் நிற்கும். கருப்பட்டியும் அந்த வரிசைதான். அதில் தாதுக்கள் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இனிப்பு போதவில்லை என்று அரை ஸ்பூன் கூடப் போட்டுவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.

கடை டீ ஒன்றில் பால், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை எல்லாம் சேர்ந்து 80 கலோரி என்று வையுங்கள். ஆறு டீ 480. ஒரு வேளைச் சாப்பாட்டைக் குடித்தே முடித்துவிட்டீர்கள்! சர்க்கரை மட்டும் 60 கிராம் ஆகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது.

ஒரேயடியாக 'வித்தவுட்' சொன்னால் மூன்றாம் நாளே பழையபடி திரும்பிவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் எல்லா டீயிலும் 'சர்க்கரை கம்மி'. அப்புறம் அதில் இரண்டை வித்தவுட் ஆக்குங்கள். நாக்கு பழகிவிடும். ஆபீஸில் மிஷின் டீ என்றால் ஒரு எச்சரிக்கை: பல மிஷின்களில் போடும் பொடியிலேயே சர்க்கரை கலந்திருக்கும். அங்கே வித்தவுட் கேட்டும் பயனில்லை.

கேள்வி: செக்கு எண்ணெய் வாங்க ஆரம்பித்த பிறகு எண்ணெய் பற்றிக் கவலைப்படுவதில்லை. சரிதானே? (ஈரோடு வாசகி)

பதில்: செக்கு எண்ணெயின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்த எண்ணெய் ஆனாலும், நெய்யே ஆனாலும், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் அந்த எண் மாறாது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் போடுவதும் அப்படித்தான். தாவர எண்ணெய் எதிலுமே கணக்கில் எடுக்கும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கு எண்ணெயால் எடை குறைந்தது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: விலை அதிகம், அதனால் பார்த்து ஊற்றுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்கத் தராசு வேண்டாம், மளிகைச் சீட்டு போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 5 லிட்டர் வாங்குகிறீர்கள் என்றால் ஆளுக்கு நாளைக்கு 38 கிராம் ஆகிறது. 340 கலோரி. இதில் ஓட்டலும் பக்கத்து வீட்டுப் பலகாரமும் சேரவில்லை. நான் மேலே சொன்ன வழிகாட்டுதல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று வைத்திருக்கிறது. அதை வெளியிட்ட நிறுவனம் இப்போது ஹைதராபாத்தில் இருந்தாலும், 1918-ல் தொடங்கியது நம் குன்னூரில்தான். பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு அறையில் தொடங்கிய வேலை அது. அன்றைக்குப் பற்றாக்குறை நோய், இன்றைக்கு அதே நிறுவனம் எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்கிறது.

அளக்க ஒரு எளிய வழி: இருமல் சிரப் பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி எல்லார் வீட்டிலும் கிடக்கும். அதில் 5, 10 மில்லி கோடு போட்டிருப்பார்கள். கழுவிக் காயவைத்து எண்ணெய்த் தூக்கு பக்கத்தில் வையுங்கள். வழக்கமாகத் தாளிக்க ஊற்றுவதை ஒருமுறை அந்த மூடியில் ஊற்றிப் பாருங்கள். நாலு மூடி வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், பலருக்கும் அப்படித்தான் வரும். அப்புறம் அப்பளம். சுட்டால் ஒன்று 25 கலோரி, பொரித்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. உடையாமல் பொரிக்கத் தெரிந்தவர்களுக்குச் சுடவும் தெரியும்.

கேள்வி: வெயிலுக்குக் கூல்டிரிங்ஸ் வேண்டாம் என்று தினமும் ஜூஸ்தான் குடிக்கிறேன். நல்லதுதானே? (மதுரை மாணவர்)

பதில்: ஜூஸ் கடையில் ஒருநாள் பழத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பாருங்கள். சாத்துக்குடி மூன்று, மேலே சர்க்கரை மூன்று நாலு ஸ்பூன். சக்கை முழுக்க வடிகட்டியில். மூன்று சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றும். ஜூஸாக அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும், வயிறு நிறைந்ததாகவும் தெரியாது. சர்க்கரையே போடாத ஜூஸில் உள்ள பழச் சர்க்கரையையும் உலக சுகாதார அமைப்பு குறைக்க வேண்டிய பட்டியலில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தில் உள்ளதை அப்படிச் சேர்ப்பதில்லை.

வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை. கரும்புச் சாற்றில் அதற்குக் குறையாது. நன்னாரி சர்பத்தில் ஊற்றும் பாகு 30 மில்லியிலேயே 20 கிராமுக்கு மேல். இளநீர் ஒரு காய்க்கு 50, 60 கலோரிதான். உப்புப் போட்ட நீர்மோர் அதற்கும் கீழே. ஜிகர்தண்டாவைப் பற்றி மதுரைக்காரர் கேட்காமல் விட்டது ஆச்சரியம்! சுண்டக் காய்ச்சிய பால், பாகு, மேலே ஐஸ்கிரீம் என்று அது முழு இனிப்புப் பலகாரம். மாதம் ஒருமுறை உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள், தாகத்துக்குக் குடிக்காதீர்கள்.

கேள்வி: சோற்றுக்குப் பதில் சாமை, வரகு சாப்பிட்டால் கலோரி பாதியாகுமா?

பதில்: ஆகாது. வேகவைக்காத சாமை, தினை, வரகு எல்லாம் 100 கிராமுக்கு 330, 350 கலோரி. அரிசியும் 350 பக்கம்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், அதனால் சீக்கிரம் வயிறு நிறையலாம். வரகுப் பொங்கலில் முந்திரியும் நெய்யும் மிதக்கவிட்டால் அந்த நன்மையும் காலி.

கேள்வி: கடையில் 'டயட் மிக்சர்' என்றே விற்கிறார்கள். மாலையில் டி.வி. பார்க்கும்போது அதைச் சாப்பிடலாமா? மகனுக்குப் பாலில் கலக்கும் சத்துப் பொடி பற்றியும் சொல்லுங்கள். (சேலம் வாசகி)

பதில்: பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அங்கே அச்சிட வேண்டும் என்பது விதி. சாதாரண மிக்சர் 500-ஐத் தாண்டும். உங்கள் டயட் மிக்சரில் 450 என்று இருந்தால், டயட் என்ற நம்பிக்கையில் கூட ஒரு கைப்பிடி அள்ளினாலே அந்த வித்தியாசம் போய்விடும். 'ஒரு பரிமாறலுக்கு' என்று ஒரு எண்ணும் இருக்கும். அது 20 அல்லது 30 கிராம் கணக்கு. ஒரு முறை 30 கிராமை அளந்து கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், சீரியல் பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். டி.வி. முன்னால் பாக்கெட்டோடு உட்காராதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். சர்க்கரை இல்லாத பிஸ்கட்டும் மைதாவும் கொழுப்பும் சேர்ந்ததுதான்; கலோரி பெரிதாகக் குறையாது. சுண்டல் வேகவைக்க நேரமிருந்தால் அதற்கு ஈடு வேறில்லை.

மகனின் பொடிக்கும் அதே பின்பக்கத்தைப் பாருங்கள், 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரி இருக்கும். சில பொடிகளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. அதன் மேல் நாமும் ஒரு ஸ்பூன் போடுகிறோம். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் இணையக் கடைகளிடம் இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொன்னது மத்திய அரசு. பையன் வெறும் பால் குடித்தால் அதுவே போதும். குடிக்க மாட்டேன் என்றால் பொடியைப் பாதியாக்குங்கள், தனிச் சர்க்கரை வேண்டாம்.

கேள்வி: சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். அன்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து ஈடுகட்டிவிடுகிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி. 180 மில்லி பிராந்தி அல்லது விஸ்கியில் அதுவே 420-ஐத் தாண்டும். கோலா கலந்தால் இன்னும் 80, 90. சைட் டிஷ் பற்றி நீங்கள் எழுதவில்லை. மசாலாக் கடலை 50 கிராம் கொறித்தாலே 250-க்கு மேல், சில்லி சிக்கன் என்றால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். தவிர்த்ததாகச் சொன்ன சாப்பாடு எப்போதோ மேஜைக்கு வந்து போய்விட்டது. வெறும் வயிற்றில் குடிப்பது இன்னும் மோசம், போதை சீக்கிரம் ஏறும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவராக இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவும் கூடும். குடிக்கலாம் என்று இதில் எங்கும் நான் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அவருடைய காபிச் சர்க்கரை, நெய், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்திருக்கிறார். இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: போதும், நிறுத்துங்கள். மேலே எழுதியது எதுவும் அவருக்கு இல்லை. இந்த வயதில் இப்படி எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். அப்புறம் எழுந்து நிற்கவே சிரமப்படுவார், விழுந்துவிடும் பயமும் உண்டு. உணவைக் குறைத்ததால்தான் இறங்கியது என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம், வேறு காரணம் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பல் செட் சரியாகப் பொருந்துகிறதா, விழுங்கச் சிரமமா, தனியாகச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்பு விஷயத்தை டாக்டர் சொல்வார். அதுவரை பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யைத் திரும்ப ஊற்றுங்கள். மதியம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக் கொடுங்கள்.