தூர் தெரியாத புங்கன்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் 12 வயதுப் புங்கன் நிற்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு அடி கிராவல் கொட்டி, பேவர் பிளாக் பதித்தோம். இப்போது உச்சிக்கிளைகள் பட்டுப்போகின்றன, இலை சிறுத்து வெளுக்கிறது. யூரியா போடலாமா?

பதில்: யூரியா வேண்டாம், வேருக்கு மூச்சு முட்டும்போது உரம் உபத்திரவம்தான். முதலில் தூரை, அதாவது அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். அது யானைக்கால் மாதிரி அகன்று வேராகப் பிரிய வேண்டும். மின்கம்பம் நட்டதுபோல நேராக இறங்கினால் தூர் புதைந்துவிட்டது என்று அர்த்தம். சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் ஓடும். இறுக்கிய கிராவல் அங்கே காற்றை அடைக்கும். வேர் மெல்ல அழுகும், உச்சிக்குத் தண்ணீர் ஏறாது. இரண்டு வருஷம் கழித்து அடையாளம் தெரிவது இதனால்தான்.

தூரைச் சுற்றி மூன்று, நான்கு அடிக்குக் கற்களை எடுத்துவிடுங்கள். பட்டைக்கு அருகில் கடப்பாரை கூடாது. களைக்கொத்தியால் கிளறி, ஹோஸ் தண்ணீரில் கரைத்து, முதல் பக்கவேர் தெரியும்வரை மண்ணை அள்ளுங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சையோ வெள்ளையோ தெரிய வேண்டும். பழுப்பாகக் கொழகொழத்து, புளித்த நாற்றம் வந்தால் அழுகல்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: நாற்றுப்பையில் அதிக நாள் சுருண்ட வேர், நட்டபின் பெருத்து அடிமரத்தையே கயிறுபோல இறுக்கும். அந்தப் பக்கம் தூர் தட்டையாக இருக்கும். கட்டைவிரல் தடிமன் என்றால் உளியால் இரு முனையிலும் வெட்டுங்கள்; பட்டைக்குள் புதைந்த நடுத்துண்டைப் பிடுங்காதீர்கள், பட்டை கிழியும். அடிமரத்தில் மூன்றில் ஒரு பங்கு தடித்த வேர்மீது கை வைக்க வேண்டாம்.

அழுகல் இருந்தால் செத்த திசுவைச் செதுக்கி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றலாம். அழுகலை எதிர்க்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவை அதோடு சேர்க்காதீர்கள், செம்பு அதை முடக்கிவிடலாம். 15 நாள் இடைவெளி விட்டு மக்கிய எருவில் கலந்து போடுங்கள். மேலே மூன்று அங்குலம் சருகு, பட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி. மழையில்லாத நாளில் வாரம் ஒருமுறை, ஒரு அடி ஆழம் நனைய மெதுவாகப் பாய்ச்சினால் போதும்.

இலையில் கொப்புளம் மட்டும் என்றால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வேலை, பயப்பட வேண்டாம். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கத்து மாக்னசைட் மண்ணில் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் தளிர் வந்தால் இரும்புச்சத்துக் குறை. அது வேறு கதை.

தூரில் வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான் தட்டு முளைத்திருந்தால் மட்டும் மருந்துக்குச் செலவழிக்காதீர்கள். உள்வேர் ஏற்கெனவே போயிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காற்றுக்கு முன் மரத்தை இறக்கிவிடுங்கள்.