பேச்சுப் போட்டிக்கு என்ன தலைப்பு எடுப்பது, தகவலை எங்கே தேடுவது?

"மகள் ஒன்பதாம் வகுப்பு. பேச்சுப் போட்டியில் தலைப்பு அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். எதை எடுப்பது, தகவலை எங்கே தேடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அம்மாவாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு செல்போனில் தேடியிருப்பீர்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு, கலாம் கண்ட கனவு, தாய்மொழிப் பற்று என்று பட்டியல் வந்திருக்கும். அவை கெட்ட தலைப்புகள் இல்லை. ஆனால் மகளோடு மேடை ஏறப்போகும் மற்ற பிள்ளைகளின் வீட்டிலும் அதே பட்டியலைத்தான் பார்த்திருப்பார்கள். எங்கள் நீலகிரியில் 'ஊட்டியைக் கண்டுபிடித்தவர் சல்லிவன்' என்று தொடங்கும் பேச்சை எத்தனையோ மேடைகளில் கேட்டாகிவிட்டது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறியது 1819. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முன்னாலேயே, 1603ல், பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். தோடரும் கோத்தரும் படகரும் இருளரும் குறும்பரும் வாழ்ந்த மலையை யார் போய் என்ன கண்டுபிடிப்பது? ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

நான் சொல்வது இதுதான். விஷயம் தெரிந்த ஒரு மனிதரை உங்கள் மகள் நடந்துபோய்ச் சந்திக்க முடிகிற தலைப்பாக எடுங்கள். அவர் சொன்னதைக் காகிதத்தோடும், காகிதத்தில் இருப்பதை அவரோடும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, மனப்பாடம் பண்ணி கணீரென்று பேசினால் பரிசு' என்று சிலர் கிளம்பி வருவார்கள். குரல் வளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குரல் நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் சொல்ல ஒரு விஷயம் வேண்டும்தானே?

பந்தலூர் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பதினொன்றாம் வகுப்பில் போட்டி வந்தபோது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்தேன். வகுப்பில் எங்களை 'சிலோன்காரங்க' என்று கூப்பிட்ட கோபம் உள்ளே இருந்தது, மறைக்கவில்லை. அம்மாயிதான், அம்மாவைப் பெற்ற பாட்டிதான், முதலில் தடுத்தது. "நம்ம கதைய யாரு புள்ள கேக்கப் போறா? காந்தியப் பத்திப் பேசிட்டு வா." ஆனாலும் ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து குடும்ப அட்டையை எடுத்துக் கொடுத்தது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த அட்டை அது. யார் யார், என்ன வயது என்று எல்லாம் அதில் இருந்தது. நூலகத்துக்குப் போகும் முன்பே என் கையில் ஓர் ஆவணம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஏதாவது இருக்கும், பழைய பட்டாவோ சம்பளச் சீட்டோ. தேடுங்கள்.

அடுத்தது ஊர் நூலகம். 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கே மலையகம் என்கிற மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது என்பதையும், அவர்களை எந்த நாடு ஏற்பது என்று 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தையும் ஒரு புத்தகத்தில் பிடித்தேன். மொத்தம் 9,75,000 பேர். இந்தியா ஏற்பது 5,25,000, இலங்கை ஏற்பது 3,00,000. நோட்டில் எழுதிக் கூட்டினால் 8,25,000தான் வந்தது. மீதி ஒன்றரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. தமிழாசிரியைக்கும் தெரியவில்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு பெரியவர்தான் சொன்னார்: அவர்களை அப்போது முடிவு செய்யாமலே விட்டுவிட்டார்களாம், 1974ல் இந்திரா காந்தி காலத்தில்தான் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்களாம். அவர் சொன்னதை வேறொரு புத்தகத்தில் தேடிச் சரிபார்த்தேன். கேட்டுப் பார்க்காமலே மனிதர்களைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். என் பேச்சின் நடுப்பகுதி அந்தக் கூட்டல் கணக்கிலிருந்துதான் பிறந்தது.

இன்னொரு முடிச்சும் இருந்தது. அம்மாயி ராமேஸ்வரத்தில் கப்பல் விட்டு இறங்கியதாகச் சொன்னது. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தாத்தா, "நான் தனுஷ்கோடியில எறங்கின ஆளு" என்று அடித்துச் சொன்னார். யார் சொல்வது சரி? அவரவர் வந்த வருஷத்தைக் கேட்டதும் அவிழ்ந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. தாத்தா வாலிபத்தில், புயலுக்கு முன்னால், ஊருக்கு வந்து போனவர். அம்மாயி எழுபதுகளில் ஒரேயடியாக வந்தது. தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகுதான் இந்த மலைக்கு. திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள், 1976ல் அது தனிக் கழகமானது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் மகளை ஒருவரை மட்டும் நம்பச் சொல்லாதீர்கள். எந்த வருஷம் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டியில் ஒரு நடுவர், "இது அரசியல்மா, மாணவிக்கு எதுக்கு?" என்றார். இன்னொருவர் எண்ணிக்கையெல்லாம் எங்கே எடுத்தாய் என்று கேட்டார். நோட்டைப் பார்க்காமலே புத்தகம், பெரியவர், அட்டை என்று வரிசையாகச் சொன்னேன். இரண்டாம் பரிசு. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். சான்றிதழை அம்மாயி குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

இதைச் சொல்லாமல் போக மனசில்லை. மாவட்டப் போட்டி என்றால் ஏன் எப்போதும் ஊட்டியிலேயே? பந்தலூரிலிருந்து கூடலூர் வந்து, நடுவட்டம் ஏறி, ஊட்டி போய்ச் சேர எழுபது கிலோமீட்டருக்கு மேல். விடியும் முன்னே, யானை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, காதடைத்து, வெறும் வயிற்றோடு மேடை ஏறுகிற பிள்ளையும், பத்து நிமிஷம் முன்னால் வீட்டில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பிய பிள்ளையும் ஒரே தராசில். ஒரு வருஷமாவது கூடலூரில் வைக்கக் கூடாதா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் கேட்க வேண்டியவர்கள் யாராவது படிக்கட்டும்.

தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டாலும் இதே வழிதான். 'நேரு' என்று கொடுத்தால் ரோஜாப்பூவும் குழந்தைகளும்தான் எல்லாரும் பேசுவார்கள். எங்கள் பிள்ளை ஒன்று 1954ல் நேருவும் அப்போதைய இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் மலையகத் தமிழருக்குத் தீர்வு தரவில்லை என்று பேசலாம். கொடுத்த தலைப்பில் உங்கள் ஊருக்கு வருகிற பாதை எது என்று பாருங்கள்.

எனக்குக் கிடைக்காத வசதிகள் இப்போது இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். இலங்கை சம்பந்தமாக என்றால் நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் இருக்கிறது, பழைய பத்திரிகைகள்கூடக் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவு செயலியில் கேட்டால் நொடியில் பேச்சே வந்துவிடும் என்பீர்கள். வரும். ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு வருஷத்தையும் எண்ணையும் மகளே வேறு இடத்தில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நடுவர் கேட்டால் பதில் சொல்லப் போவது அவள்தான்.

கடைசியாக ஒன்று. சேர்த்த எல்லாவற்றையும் பேச்சில் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கேட்பவர் மனதில் இரண்டு மூன்று எண்களுக்கு மேல் நிற்காது. நான் ஒப்பந்தக் கணக்கையும் கப்பல் துறையையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நோட்டிலேயே விட்டேன். நடுவரின் கேள்விக்கு அந்த நோட்டுதான் உதவியது. மகள் எந்த ஊர்ப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் அங்கே யாரைப் போய்க் கேட்கலாம் என்று என்னால் முடிந்ததை எழுதுகிறேன்.